கனடாவில் வாடகை வீடா? கையெழுத்துக்கு முன் காற்றுக் கருவியைத் திறந்து பாருங்கள்

கனடாவின் ரெஜைனா நகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு மன்னார்குடிக்குத் திரும்பியவன் நான். தஞ்சாவூர், திருவாரூர், நாகைப் பக்கத்திலிருந்து கனடாவுக்குப் புறப்படும் பிள்ளைகள் என்னிடம் விசாரிக்க வருவார்கள். சின் எண் (அங்கே வேலை பார்க்கத் தேவையான அரசு எண்), வங்கிக் கணக்கு, மருத்துவ அட்டை இதெல்லாம் கொஞ்சம் அலைந்தால் முடிந்துவிடும். வீட்டுக்குள் வரும் காற்றைப் பற்றித்தான் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நம் முற்றத்து வீடுகளில் அண்டா நிறைய நெல் அவித்தாலும் ஆவி வானத்துக்குப் போய்விடும். அங்கே குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் இறங்கும். அதனால் புதிய வீடுகளைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டுகிறார்கள். குளித்த ஈரம், இட்லி ஆவி, உள்ளே உலர்த்திய துணியின் ஈரம் எல்லாம் உள்ளேயே தங்கும். அதை வெளியேற்றத்தான் எச்.ஆர்.வி. என்னும் வெப்ப மீட்புக் கருவி. குளியலறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். வெளிக்காற்றைப் படுக்கையறைக்கு அனுப்பும். நடுவிலுள்ள மெல்லிய தகடுகளின் இருபுறமும் இரண்டும் கலக்காமல் கடக்கும்போது, போகிற காற்றின் சூட்டில் பெரும்பகுதி வருகிற காற்றுக்கு ஏறிவிடும். இதை முதலில் பொருத்திய வீடுகளில் ஒன்று, 1977-இல் ரெஜைனாவில் எழுந்த சஸ்காட்சுவன் கன்சர்வேஷன் ஹவுஸ். அந்த ஊரில் வாழ்ந்தவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வலங்கைமான் பக்கத்து நண்பர் ஒருவர் கைக்குழந்தையோடு அங்கே குடியேறினார். முதல் குளிர்காலத்திலேயே ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. "நீங்கள் ஓயாமல் சமைப்பதுதான் காரணம்" என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு வேளை ரசம் வைத்தால் சுவர் கெடுமா? நானும் அவரும் நிலவறையில் இருந்த கருவியைத் திறந்தோம். ஃபில்டர் முழுக்கத் தூசி அப்பிக் கிடந்தது. வெளிச்சுவரில் காற்று நுழையும் வாயின் வலையைச் சருகும் பஞ்சும் அடைத்திருந்தன. விசிறி சுழல்கிறது, காற்றுதான் வரவில்லை. அது பல ஆண்டு அழுக்கு. ஆனால் குடிபுகும் நாளில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற படிவத்தில் நண்பரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு எடுபடவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் கருவியைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். ஃபில்டரைப் படம் எடுங்கள்; வெளியே போய், காற்று நுழையும் வாய், வெளியேறும் வாய் இரண்டையும் பாருங்கள். குளியலறைக் காற்றுவாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். படுக்கையறையில் அதையே தள்ள வேண்டும். ஃபில்டரை யார் சுத்தம் செய்வது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மின்கட்டணம் ஏறும், கருவியை அணைத்துவிடு என்று அங்குள்ள நம்மவர்களே சொல்வார்கள். கேட்காதீர்கள். விசிறிக்கு ஆகும் மின்சாரம் சொற்பம். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீணாகும் சூட்டுக்குத்தான் பணம் கொட்ட வேண்டியிருக்கும். ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். கடுங்குளிரில் அது 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். கண்ணாடி வியர்த்தால் இன்னும் குறையுங்கள்.

தாளிக்கும் புகையை இந்தக் கருவியிடம் விடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்துவிடும். அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் குழாய் வெளியே போகிறதா, அல்லது புகையைச் சமையலறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.