மெனுவில் 80 டாலர், கார்டில் 102: அமெரிக்க ரெஸ்டாரன்ட் பில்லைப் படிக்கும் விதம்

நியூ ஜெர்சியில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெனுவில் போட்ட விலைகளை மனக்கணக்காகக் கூட்டினால் 80 டாலர். பில் வருகிறது. அடியில் மாநில விற்பனை வரி 6.625 சதவீதம், அதாவது 5.30. அதற்கும் கீழே பொடி எழுத்தில் கார்டு கட்டணம் 3 சதவீதம் என்று 2.56. ஆக 87.86. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, டிப்ஸுக்கு ஒரு கோடு காலியாகக் கிடக்கிறது. சாப்பாட்டு விலைக்கு மட்டும் 18 சதவீதம் போட்டாலும் 14.40. மொத்தம் 102 டாலர் 26 சென்ட். மெனுவில் பார்த்ததற்கு மேல் கால் பங்குக்கும் அதிகமாகப் போய்விட்டது.

புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். வெளியில் சாப்பிடுவதே பகல் கொள்ளை என்று முடிவுகட்டி, கோபத்தை டிப்ஸில் காட்டிவிட்டு வருகிறார்கள். அல்லது கூச்சப்பட்டுக்கொண்டு திரையில் எந்தப் பொத்தான் பெரிதாகத் தெரிகிறதோ அதை அமுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பில்லில் இருக்கும் ஒவ்வொரு தொகையும் ஒவ்வொருவர் பைக்குப் போகிறது. யார் பைக்கு என்று தெரிந்தால் எதைக் கொடுத்தே ஆகவேண்டும், எதைக் கேட்டால் எடுத்துவிடுவார்கள், எதில் கை வைக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கார்டு கட்டணம் யாருக்கு

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கட்டணம்தான் அதிகம் உறுத்தும். அங்கே டீக்கடையில்கூட க்யூஆர் ஒட்டியிருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கில் இருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. இங்கே கதை வேறு. நீங்கள் கிரெடிட் கார்டில் 100 டாலர் கொடுத்தால் ரெஸ்டாரன்ட் கணக்குக்குச் சுமார் 97, 98 டாலர்தான் போய்ச் சேரும். மீதியில் பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்துக்கு, கொஞ்சம் அந்த மெஷினை நடத்துகிறவருக்கு. உங்களுக்குக் கேஷ்பேக், பாயிண்ட்ஸ் என்று வங்கி தரும் சலுகைக்கான பணமும் பெரும்பாலும் இந்தக் கழிவிலிருந்துதான் வருகிறது.

முன்பெல்லாம் கடைக்காரர்கள் இதை மெனு விலைக்குள்ளேயே வைத்து விழுங்கிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் தலையில் தனியாகக் கட்டக் கூடாது என்று கார்டு நிறுவனங்களின் விதியே தடுத்தது. வியாபாரிகள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி 2013 ஜனவரியில் அந்தத் தடை விலகியது. ஆனாலும் இஷ்டத்துக்குப் போட முடியாது. தங்களுக்கு ஆகும் செலவுக்கு மேல் வசூலிக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் விசா தன் உச்சவரம்பை 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது, மாஸ்டர்கார்டின் வரம்பு 4. கட்டணம் உண்டு என்பதை வாசலிலும் பணம் கட்டும் இடத்திலும் எழுதி வைக்க வேண்டும், ரசீதிலும் தனி வரியாகக் காட்ட வேண்டும். உட்கார்ந்ததும் மெனுவின் கடைசிப் பக்கத்து அடியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இதில் முக்கியமானது, டெபிட் கார்டுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்பது. பின் நம்பர் போடாமல், மெஷினில் ‘கிரெடிட்’ என்று அழுத்தி ஓட்டினாலும் அது டெபிட் கார்டுதான், சர்சார்ஜ் (இந்தக் கார்டு கட்டணத்துக்கு அதுதான் பெயர்) போடக் கூடாது. ப்ரீபெய்டு கார்டுக்கும் இதே விதி. ஆனால் பல இடங்களில் மெஷினை ஒரே மாதிரி செட் செய்து வைத்திருப்பதால் எல்லாக் கார்டுக்கும் 3 சதவீதம் விழுந்துவிடுகிறது. நம்மவர் நடத்தும் கடை என்றால், “அண்ணா, இது டெபிட் கார்டு, மூணு பர்சன்ட் விழுந்திருக்கு, எடுத்துடுங்க” என்று சொன்னால் போதும். சண்டை போடத் தேவையில்லை. பாதிப் பேருக்கு அந்த விதியே தெரியாது.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மாறும். கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் கிரெடிட் கார்டு சர்சார்ஜுக்குத் தடை. கொலராடோவில் 2022 முதல் அனுமதி உண்டு, பொதுவாக 2 சதவீதம்தான் வரம்பு. நியூ ஜெர்சியில் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்டர் கொடுக்கும் முன்பே தெரியும்படி அறிவிக்க வேண்டும், உண்மையான செலவுக்கு மேல் போகக் கூடாது. நியூயார்க்கில் 2024 பிப்ரவரியிலிருந்து, கார்டில் கொடுத்தால் எவ்வளவு என்ற முழு விலையையே காட்ட வேண்டும். கடைசியில் சதவீதம் சேர்ப்பது அங்கே செல்லாது.

ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருவது எந்த மாநிலத்திலும் சட்டப்படி சரிதான். பெட்ரோல் பங்க்கில் கேஷ், கிரெடிட் என்று இரண்டு விலை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. ஆனால் சில கடைகள் ஒரு தந்திரம் செய்கின்றன. மெனுவில் குறைந்த விலையைப் போட்டுவிட்டு, பில்லில் 4 சதவீதம் ஏற்றி, “இது சர்சார்ஜ் இல்லை, கேஷ் டிஸ்கவுண்ட் கிடைக்காததால் வந்தது” என்பார்கள். மெனு விலைக்குக் கீழே குறைந்தால்தான் அது தள்ளுபடி. மேலே ஏறினால், பெயர் எதுவானாலும், சர்சார்ஜ்தான்.

டிப்ஸில் கோபத்தைக் காட்டாதீர்கள்

அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கான கூட்டாட்சிக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991ஆம் ஆண்டு வைத்த தொகை, இன்றுவரை ஏறவில்லை. டிப்ஸும் சேர்ந்து மற்றவர்களுக்கான குறைந்தபட்சமான 7.25 வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் கொள்ளாமல் முழுக் குறைந்தபட்சச் சம்பளம் தரவேண்டும். அங்கேயும் டிப்ஸை எதிர்பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆகவே மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் வைப்பது இங்கே கிட்டத்தட்ட விலையின் ஒரு பகுதி. கார்டு கட்டணம் போட்டது முதலாளி. அதற்காகச் சர்வரின் டிப்ஸைக் குறைப்பது யாரோ செய்ததற்கு யாரையோ தண்டிப்பது.

ஆனால் எந்தத் தொகைக்குச் சதவீதம் போடுகிறோம் என்பதில் கறாராக இருக்கலாம். வரிக்கு முந்தைய சாப்பாட்டு விலைக்குப் போட்டால் போதும். மேசைக்குக் கொண்டுவரும் சின்ன மெஷினில் 18, 20, 25 என்று மூன்று பொத்தான் இருக்கும். அவற்றில் பல, வரியும் கார்டு கட்டணமும் சேர்ந்த தொகைக்குக் கணக்குப் போடுகின்றன. மேலே சொன்ன பில்லில் 80 டாலருக்கு 20 சதவீதம் 16.00. 87.86க்குப் போட்டால் 17.57. கஸ்டம் என்ற பொத்தானைத் தட்டி நீங்களே எழுதிவிடுங்கள். பின்னால் நிற்பவர் பார்க்கிறாரே என்ற நெருக்கடியில்தான் 25ஐ அழுத்துகிறோம்.

கவுண்டரில் நின்று வாங்கிக்கொண்டு போவதற்கும் அதே திரையை நம் பக்கம் திருப்புவார்கள். அங்கே டிப்ஸ் கட்டாயமில்லை. ‘நோ டிப்’ அழுத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. பஃபே என்றால் தட்டை எடுக்கவும் தண்ணீர் வைக்கவும் ஆள் வருவதால் 10 சதவீதம் அளவில் வைப்பது வழக்கம்.

முடிந்தால் டிப்ஸை மட்டும் ரொக்கமாகக் கொடுங்கள். கார்டில் எழுதும் டிப்ஸிலிருந்து அந்தத் தொகைக்கான கார்டு செலவை முதலாளி கழித்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள்தான் தடுக்கின்றன.

சர்வீஸ் சார்ஜ் விஷயத்தில் கவனம் தேவை. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் பழகியிருக்கும், அதைக் கட்டினால் டிப்ஸ் முடிந்தது என்று நினைப்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றல்ல. ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் 18 அல்லது 20 சதவீதத்தைத் தானாகவே சேர்த்துவிடுவார்கள். பில்லில் ‘கிராச்சுட்டி’ என்று வந்திருந்தால் டிப்ஸ் கொடுத்தாகிவிட்டது. அதன் கீழே இருக்கும் காலிக் கோட்டில் மறுபடி எழுதினால் இரண்டு முறை கொடுத்ததாக ஆகும். பிறந்தநாள் விருந்துகளில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘கிச்சன் ஃபீ’ என்று வந்திருந்தால் அது பெரும்பாலும் ரெஸ்டாரன்ட்டின் வருமானம். சர்வருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுவிட்டு டிப்ஸை முடிவு செய்யுங்கள், கேட்பதில் தப்பில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘எஸ்எஃப் மேண்டேட்’ என்று ஒரு கட்டணம் வரும். ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கு முதலாளிகள் பணம் ஒதுக்க வேண்டும் என்று 2008இல் நடைமுறைக்கு வந்த நகரச் சட்டத்தின் செலவைப் பல உணவகங்கள் இப்படி நம்மிடம் வாங்குகின்றன. அதுவும் டிப்ஸ் அல்ல.

வங்கி ஆப்பில் இரண்டு தொகை

சர்வர் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவது பலருக்குத் திக்கென்று இருக்கும். ஓடிபியும் வராது. திரும்பி வரும்போது சின்ன ஃபோல்டரில் இரண்டு காகிதம் இருக்கும், ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைக்கான பிரதியில் டிப்ஸ் தொகை, அதன் கீழே மொத்தத் தொகை, கையெழுத்து மூன்றையும் எழுதிவிட்டு நீங்கள் எழுந்து போகலாம். டிப்ஸை ரொக்கமாக வைத்தால் அந்தக் கோட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, மொத்தத்தில் பழைய தொகையையே எழுதுங்கள். இரண்டையும் காலியாக விடாதீர்கள்.

அன்று இரவு வங்கி ஆப்பில் 87.86 என்று ‘பெண்டிங்’ காட்டும். ஓரிரு நாளில் அது 102.26 ஆக மாறும். பயப்பட வேண்டாம், டிப்ஸ் பிறகுதான் சேர்கிறது. நீங்கள் எழுதிய தொகைக்கு மேல் ஏறியிருந்தால் மட்டும் உங்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ரெஸ்டாரன்ட்டுக்கும், பிறகு வங்கிக்கும் பேசுங்கள். அதற்காகவே அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நாள் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிரெடிட் கார்டை இங்கே தேய்ப்பவர்களுக்கு இன்னொரு செலவு. பல இந்திய வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்அப்பும், அந்த மார்க்அப்பின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடுகின்றன. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். ரெஸ்டாரன்ட்டின் 3 சதவீதமும் அதற்கு மேல் விழுந்தால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். டாலரா ரூபாயா என்று மெஷின் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் இன்னொரு லாபம் வைப்பார்கள். இங்கே வங்கிக் கணக்கு திறந்ததும் கிடைக்கும் டெபிட் கார்டுதான் ஆரம்பத்தில் ரெஸ்டாரன்ட்டுக்கு நல்லது. கிரெடிட் ஸ்கோர் வளர்க்க வேண்டுமே என்பவர்கள் மளிகைக் கடையில் கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள். ஒன்றரை சதவீதம் கேஷ்பேக் வாங்குவதற்காக 3 சதவீதம் கொடுப்பதில் எந்தக் கணக்கும் இல்லை.

விலை ஏறியது உண்மைதான்

அமெரிக்க அரசின் விலைக் குறியீட்டின்படி வெளியில் சாப்பிடும் செலவு 2022இல் 7.7 சதவீதமும், 2023இல் 7.1 சதவீதமும், 2024இல் 4.1 சதவீதமும் கூடியது. மளிகை விலை 2022இல் 11.4 சதவீதம் எகிறினாலும், 2024இல் 1.2 சதவீதத்தோடு நின்றது. காய்கறி விலை அடங்கிய பிறகும் ரெஸ்டாரன்ட் விலை ஏறிக்கொண்டே போகக் காரணம், தட்டில் வரும் சாப்பாட்டில் பொருளின் விலை ஒரு பங்குதான். சம்பளம், வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் மீதி. மெனுவை மறுபடி அச்சடித்து விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் மிரண்டு போவார் என்பதால்தான் இத்தனை ‘ஃபீ’ தனித்தனியாக முளைக்கிறது. என்னைக் கேட்டால், தோசைக்கு நேராக ஒரு டாலர் கூட்டிவிடுவது இதைவிட நாணயமான வேலை.

டெலிவரி ஆப்பில் ஆர்டர் செய்தால் இன்னும் மோசம். பல ரெஸ்டாரன்ட்டுகள் ஆப்புக்குத் தரும் கமிஷனை ஈடுகட்ட அங்கே தனியாக உயர்ந்த விலை போடுகின்றன. அதன் மேல் டெலிவரி கட்டணம், சர்வீஸ் கட்டணம், வரி, டிப்ஸ். அதே கடைக்கு நேராகப் போன் செய்து, போய் எடுத்துக்கொண்டு, டெபிட் கார்டில் கொடுத்தால் மெனு விலையும் வரியும் மட்டும்தான்.

அறிவிப்பே வைக்காமல் சர்சார்ஜ் போட்டால், டெபிட் கார்டுக்குப் போட்டுவிட்டு எடுக்க மறுத்தால், ரசீதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளங்களிலும் புகார் செய்ய வழி இருக்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் ஆன்லைனில் எழுதலாம். உங்கள் குடியேற்ற நிலையைப் பற்றிக் கவலைப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை, நுகர்வோர் புகார் செய்யக் குடியுரிமை தேவையில்லை.