தொகுப்பில் காசைப் போடாதீர்கள்: ஆல்பம் தேடிக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் சீசன் தொடங்கிவிட்டால் ஏரிச் சாலைக் கடைகளில் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி முகம் போட்ட டீ சர்ட் தொங்கும். வட்டக்கானல் பக்கம் போனால் காபிக் கடைச் சுவரிலும் அவர்தான். அந்த முகத்தைப் பார்த்தே வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகள் சில பேர் இப்போது பாட்டையும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஹோம்ஸ்டேயில் வேலை பார்ப்பவர்கள், ஜீப் ஓட்டுபவர்கள். மார்லி பாடிய ஜமைக்கா இசையான ரெக்கேயில் தொடங்கி ராக், ஜாஸ், ஆப்பிரிக்க இசை என்று தேடல் நீள்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடி ஓர் ஆல்பத்தை முழுசாகக் கேட்பது வழக்கம் என்பதால், "அண்ணே, அடுத்து என்ன கேக்கலாம்?" என்று என்னிடம் வருவார்கள். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சத்தத்தைக் கூட்டிக் காதைக் கெடுத்துக்கொள்ளாதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொகுப்பை ஆல்பம் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

வட்டக்கானலில் சின்னதாக விடுதி நடத்தும் தம்பி ஒருவர், சீசனில் கையில் நின்ற காசில் ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். கூடவே ஒரு கட்டு எல்பி, அதாவது பக்கத்துக்குப் பல பாட்டு ஓடும் பெரிய இசைத்தட்டு. புது எல்பி ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகிற காலம் இது. அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். மார்லிக்கு ஒரு 'சிறந்த பாடல்கள்', இந்த ராக் குழுவுக்கு ஒன்று, அந்த ஜாஸ் கலைஞருக்கு ஒன்று. எல்லாம் அங்கங்கே இருந்து பாட்டைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. கலைஞர் ஒன்றாகச் செய்து வரிசைப்படுத்திய ஆல்பம் ஒன்றுகூட இல்லை. "ரெக்கே நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா எல்லாம் ஜாலிப் பாட்டு. ரெண்டு நாள்ல சலிச்சுப் போச்சு" என்றார்.

சலிக்காமல் என்ன செய்யும்? அவர் வாங்கியது 'லெஜண்ட்'. மார்லி இறந்தது 1981இல். இது வந்தது 1984இல். 14 பாட்டு. உலகத்திலேயே அதிகம் விற்ற ரெக்கே தட்டு இதுதான். அதில் 5 பாட்டு 1977இல் வந்த 'எக்ஸோடஸ்' ஆல்பத்திலிருந்து எடுத்தவை. எந்த ஐந்து என்று பார்த்தால் விஷயம் புரியும்.

1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டார்கள். காயத்தோடு இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார். அப்புறம் ஜமைக்காவை விட்டு லண்டன் போய், அங்கே இருந்து செய்த ஆல்பம் 'எக்ஸோடஸ்'. பக்கத்துக்கு 5 பாட்டு. முதல் பக்கம் முழுக்க அந்தக் கனல்: துரோகம், குற்றம், வேதவாக்கு, நாடு விட்டுப் போதல். தட்டைத் திருப்பினால்தான் ஆட்டம், காதல், ஆறுதல். 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்' என்கிற அந்தச் சின்னப் பாட்டு இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தையது. முதல் பக்கத்தைக் கடந்து வந்தவர் காதில் அது விழுகிற விதமே வேறு. சுடப்பட்ட மனிதர் சொல்கிற ஆறுதல் அது.

'லெஜண்ட்' இரண்டாம் பக்கத்திலிருந்து நான்கை எடுத்துக்கொண்டது. முதல் பக்கத்திலிருந்து தலைப்புப் பாட்டு ஒன்றை மட்டும். ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகளை அட்டை நிறைய அடுக்கிய 1979ஆம் வருஷத்து 'சர்வைவல்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டும் இல்லை. அதில் ஜிம்பாப்வேக்காக ஒரு பாட்டு உண்டு. 1980 ஏப்ரலில் அந்த நாட்டுச் சுதந்திர விழாவுக்கே போய்ப் பாடினார். இத்தனையையும் விலக்கிவிட்டுக் கேட்டால் மார்லி ஜாலிப் பாட்டுக்காரராகத்தான் தெரிவார். வர்ணமும் ராகம் தானம் பல்லவியும் முடிந்த பிறகு துக்கடாவுக்கு மட்டும் சபாவுக்குள் நுழைந்தவர், கச்சேரியில் கனம் போதவில்லை என்று சொல்வது போன்றது இது.

அன்று சாயங்காலமே 'எக்ஸோடஸ்' முதல் பக்கத்தைப் போட்டேன். முதல் பாட்டு ஓசையே இல்லாமல் தொடங்கும். எங்கோ தூரத்தில் வாசிப்பது போல மெல்லக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரும். "பிளேயர்ல ஏதோ கோளாறுண்ணே" என்று எழுந்துவிட்டார் தம்பி. உட்காரச் சொன்னேன். பக்கம் முடிகிற வரை அவர் பேசவில்லை.

ராக்கிலும் இதே கதைதான். பீட்டில்ஸின் 'அபே ரோடு', 1969. இரண்டாம் பக்கத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்து ஓடும். அதிலிருந்து ஒன்றை மட்டும் பிய்த்தால் நிற்காது.

தொகுப்பே தேவைப்படும் இடமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். எல்பி என்பதே 1948இல்தான் வந்தது. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற தன் குழுக்களோடு பதிவு செய்த பாட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டில், பக்கத்துக்கு ஒன்றாக வந்தவை. அவற்றைத் தொகுப்பில்தான் கேட்க முடியும். ஜமைக்காவின் அறுபதுகளும் அப்படித்தான். ரெக்கேக்கு முன்னால் அங்கே இருந்த ஸ்கா, ராக்ஸ்டெடி எல்லாம் ஒற்றைப் பாட்டுத் தட்டாக விற்ற இசை. எழுபதுகளுக்கு வந்த பிறகு மார்லி, பர்னிங் ஸ்பியர் போன்றவர்களை ஆல்பமாகவே தேடுங்கள்.

போன் ஸ்பீக்கரில் ரெக்கே

கீழ்ச் சுருதி வாசிக்கும் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 தடவை (41 ஹெர்ட்ஸ்) அதிரும். போனில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. ரெக்கேயில் மெட்டில் பாதியைச் சுமப்பதே பேஸ்தான். மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் ஆஸ்டன் பாரெட் பேஸ், அவர் தம்பி கார்ல்டன் டிரம்ஸ். போனில் கேட்டால் அண்ணன் காணாமல் போய்விடுவார். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையால் தாளம் போட்டு நாலு எண்ணுங்கள். நமக்கு அழுத்தம் விழ வேண்டிய முதல் எண்ணிக்கை பெரும்பாலும் காலியாக இருக்கும். டிரம்ஸின் அடி மூன்றில் விழும். நம் கை ஒன்றில் தட்டும்போது அங்கே ஒன்றும் இல்லாத அந்த இடம் பிடிபட்டுவிட்டால் ரெக்கே பாதி பிடிபட்டது.

ஷஃபிள்

பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் வசதி. அணைத்து வையுங்கள்.

'உலக இசை' ஒரே இசை என்று நினைப்பது

1987இல் லண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்காகத் தேர்ந்தெடுத்த பெயர் அது. மாலியின் அலி ஃபர்கா தூரே, ஹவானாவின் புவேனா விஸ்டா சோஷியல் கிளப், நைஜீரியாவின் ஃபேலா குட்டி எல்லாரும் அந்த ஒரே அலமாரிக்குள் வந்துவிட்டார்கள். ஒன்று பிடிக்கவில்லை என்றால் மற்றதையும் தள்ளிவிடாதீர்கள். ஃபேலாவைக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அவர் பாட்டு ஒன்றே தட்டின் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். பாடகர் வாய் திறக்கவே பல நிமிஷம் ஆகும். தள்ளி ஓட்ட வேண்டாம்.

பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பம் 1959இல் பதிவானது. ஒலிப்பதிவு நாடா ஓடிய வேகத்தில் பிசகு. அதனால் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பல வருஷம் சுருதி சற்று ஏறியே விற்றன. 1992 மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். கூடவே வாசித்துப் பழக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நட்சத்திர மதிப்பெண் பார்த்து ஆல்பம் தேர்வது

வேண்டாம்.

யார் வாசித்தது என்று படிக்காமல் விடுவது

ஜாஸில் அடுத்த ஆல்பத்துக்கு வழி முந்தைய ஆல்பத்தின் அட்டையிலேயே இருக்கிறது. 'கைண்ட் ஆஃப் புளூ' அட்டையில் பியானோ பில் எவன்ஸ், டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன். பில் எவன்ஸைப் பிடித்துப் போனால் 1961 ஜூனில் பதிவான 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லாஃபாரோ பதினொரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். கோல்ட்ரேனைப் பிடித்துப் போனால் 1965இல் வந்த 'எ லவ் சுப்ரீம்': நான்கு பகுதி, 33 நிமிஷம், முழுக்க ஒரு பிரார்த்தனை. முதல் தடவை கேட்டு ஒன்றும் புரியாவிட்டால் மறுநாள் திரும்பப் போடுங்கள்.

கோல்ட்ரேனிலிருந்து அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன். 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில் அவர் யாழ் போன்ற ஹார்ப் வாசிக்கிறார். பின்னால் தம்புரா ஓடுகிறது. தலைப்பில் இருப்பது அவருடைய குரு சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் ராக் விழாவைத் தொடக்கி வைத்துப் பேசியவரும் அவர்தான். இதைச் சொன்னதும் எங்கள் ஜீப்காரத் தம்பி, "செட்டிபாளையமா? எங்க சித்தி ஊருக்குப் போற வழிண்ணே" என்று அட்டையை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். அதே அட்டையில் சோப்ரானோ சாக்ஸபோன் ஃபரோ சாண்டர்ஸ் என்று இருக்கும். அவர் 1969இல் தன் பெயரில் போட்ட ஆல்பம் 'கர்மா'. அடுத்த சனிக்கிழமை அதுதான்.