சால்மன், லேக் ட்ரவுட் ட்ரோலிங்: திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள்

ஜூலை மாசம், விடியக்காலை, டொராண்டோவுல இருக்கிற ஸ்கார்பரோ பிளஃபர்ஸ் பார்க்ல படகை இறக்கி லேக் ஒண்டாரியோவுக்குள்ள நாலு கிலோமீட்டர் போய் லைன் போட்டோம். ஸ்க்ரீன்ல வேகம் மணிக்கு 2.4 மைல், கிங் சால்மனுக்குன்னு எல்லாரும் சொல்ற வேகம்தான், சோனார்ல 70 அடியில மீன் வளைவு வளைவா தெரியுது, ஸ்பூனும் (மின்னுற உலோகத் தகடுத் தூண்டில்) நல்ல ஸ்பூன், ஆனா மூணு மணி நேரமா ஒரு ராடு கூட அசையல. கொஞ்ச தூரத்துல ஒரு பழைய அலுமினியப் படகு, அதுல வயசான ஒருத்தர் தனியா நின்னு நாலாவது மீனை உள்ள எடுத்துக்கிட்டு இருக்கார். பொறுக்க முடியாம ரேடியோவுல கூப்பிட்டு என்ன கலர் போடுறீங்கன்னு கேட்டேன். கலரைச் சொல்லிட்டு அதுக்கு மேல ஒண்ணு சொன்னார். கீழ தண்ணி கிழக்கால ஓடுது, நீயும் கிழக்கால போற, அப்போ உன் லைனைக் கீழ இறக்கியிருக்கிற ஈயக்குண்டு ஆழத்துல உன் ஸ்பூனுக்கு ஒன்றரை மைல் வேகம்தான் இருக்கும், 3க்கு மேல ஏத்திப் பாருன்னார். மேல பார்த்தா படகு கன்னாபின்னான்னு ஓடுற மாதிரி இருந்துச்சு, ஆனா இருபது நிமிஷத்துல முதல் கிங் அடிச்சது.

ட்ரோலிங்னா படகை மெதுவா ஓட்டிக்கிட்டே பின்னாடி தூண்டிலை இழுத்துட்டுப் போறது, கேட்க அவ்வளவுதான். ஆனா நாம மேல இருக்கோம், மீன் 60, 100, 150 அடிக்குக் கீழ இருக்கு, அங்க என்ன நடக்குதுன்னு மேல இருந்து தெரியாது. புதுசா வர்றவங்க பண்ற தவறுகள்ல பாதி இந்த ஒரே விஷயத்துல இருந்துதான் வருது, மேல தெரியறதையே நம்பிடுறாங்க. மீதிப் பாதி, கீழ நடக்கிறதைத் தெரிஞ்சுக்கிட்ட மத்த படகுகாரங்ககிட்ட கேட்காம, அவங்களுக்குச் சொல்லாம, தனியா மல்லுக்கட்டுறது.

வேகத்தையே எடுத்துக்கோங்க. ஜிபிஎஸ் காட்டுறது தரையைப் பொறுத்த வேகம், மீனுக்குத் தெரியறது தண்ணியைப் பொறுத்த வேகம். இந்தப் பெரிய ஏரிங்கள்ல மேல் தண்ணி ஒரு பக்கம், ஆழத்துல இருக்கிற தண்ணி இன்னொரு பக்கம்னு ஓடுறது சாதாரணம். டவுன்ரிக்கர்னா கேபிள்ல கட்டின ஈயக்குண்டை வச்சு லைனை ஆழத்துக்கு இறக்குற கருவி. அந்தக் குண்டுக்கு மேலேயே மாட்டுற ஸ்பீடு, டெம்பரேச்சர் ப்ரோப் இருந்தா நேரா பார்த்துக்கலாம், கையில காசு இருந்தா பத்தாவது ராடு வாங்கறதுக்கு முன்னாடி அதை வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன். இல்லைன்னாலும் வழி இருக்கு, டவுன்ரிக்கர் கேபிள் தண்ணிக்குள்ள இறங்குற சாய்வைப் பாருங்க. அதே 2.4ல ஒரு திசையில போகும்போது கேபிள் கிட்டத்தட்ட நேரா இறங்குது, திரும்பி வரும்போது பின்னாடி நல்லா சாயுதுன்னா கீழ ஓட்டம் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் நேர்கோட்டுலயே போகாதீங்க, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போங்க. திரும்பும்போது வெளிப்பக்க லைன் வேகமாகும், உள்பக்க லைன் மெதுவாகி கொஞ்சம் கீழ இறங்கும், எந்தப் பக்க ராடு அடிக்குதோ அது மீனே உங்களுக்குச் சொல்ற பதில்.

அடுத்தது, நேத்து பிடிச்ச ஆழத்துலயே இன்னைக்கும் போடுறது. இது நானே ரெண்டு மூணு சீசன் பண்ணின தவறு, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கோடையில ஏரி அடுக்கு அடுக்கா இருக்கும், மேல வெதுவெதுப்பான தண்ணி, நடுவுல திடீர்னு குளிர்ச்சி இறங்குற ஒரு பட்டை, அதுக்குக் கீழ 4 டிகிரி செல்சியஸை நோக்கிப் போற குளிர்ந்த தண்ணி, ஏன்னா தண்ணி அதிக கனமா இருக்கிறது 4 டிகிரியிலதான். நடுவுல இருக்கிற அந்தப் பட்டைதான் தெர்மோக்ளைன். கிங் சால்மன் பொதுவா 10லேர்ந்து 13 டிகிரி தண்ணியைத் தேடும், லேக் ட்ரவுட் அதைவிடக் குளிர்ச்சியா 9, 10 டிகிரி பக்கம் நிக்கும். அந்தத் தண்ணி எந்த ஆழத்துல இருக்குங்கிறதை முடிவு பண்றது காத்து.

லேக் ஒண்டாரியோ கிழக்கு மேற்கா நீண்டு கிடக்கிற ஏரி. மேக்காத்து ரெண்டு நாள் விடாம அடிச்சா, பூமி சுத்துறதால மேல் தண்ணி காத்துக்கு வலப்பக்கமா, அதாவது தெற்கு நோக்கித் தள்ளப்படும், அந்த இடத்தை நிரப்ப வடகரையில, டொராண்டோ, விட்பி பக்கம், அடியில இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல ஏறி வரும். ஜூலை மாசம் பீச்ல கால் வைக்க முடியாம சுள்ளுனு இருக்கிற நாள் இருக்கே, அது இதுதான். அன்னைக்கு 10 டிகிரி தண்ணி 25 அடியிலயே இருக்கலாம், சால்மன் கரைக்குப் பக்கத்துல ஆழம் குறைஞ்ச இடத்துக்கே வந்துடும். கிழக்குக் காத்துன்னா அப்படியே தலைகீழ், வெதுவெதுப்பான தண்ணி கரையில குவிஞ்சு தெர்மோக்ளைன் கீழ கீழ போயிடும். அதனால படகை இறக்குறதுக்கு முந்தின ரெண்டு நாள் காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னு பார்க்காம போறவங்க பாதி நாளைத் தேடுறதுலயே தொலைச்சிடுறாங்க.

இன்னொரு தவறு, சால்மனையும் லேக் ட்ரவுட்டையும் ஒரே ஓட்டத்துல பிடிச்சிடலாம்னு நினைக்கிறது. சில நாள் தற்செயலா நடக்கும், அதை நம்பி பிளான் போடக்கூடாது. கிங் நடுத்தண்ணியில அலைவைஃப்ங்கிற சின்ன மீன் கூட்டத்தைத் துரத்திட்டுத் திரியும், அதுக்கு 2.2லேர்ந்து 2.8 மைல் வேகம் வேணும், ஃப்ளாஷரும் (சுத்திச் சுத்தி மின்னுற தகடு) அதுக்குப் பின்னாடி ஃப்ளையும் (இழை கட்டின தூண்டில்), இல்லன்னா ஸ்பூன். லேக் ட்ரவுட் பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும், ஒன்றரைலேர்ந்து ரெண்டு மைல் போதும், டாட்ஜருக்கு (ஆடி ஆடி மின்னுற தகடு) பின்னாடி சின்ன லீடர்ல (இணைப்பு நரம்பு) ஸ்பின்-அன்-க்ளோ (சுழலுற சின்னத் தூண்டில்) போட்டு, ஈயக்குண்டு அப்பப்போ தரையைத் தொட்டு சேறு கிளப்புற மாதிரி இழுக்கணும். தரையில இருந்து பத்தடி மேல இழுத்துட்டு இன்னைக்கு ட்ரவுட்டே இல்லன்னு சொல்றவங்க நிறைய. டவுன்ரிக்கர் மீட்டர் 100 அடின்னு காட்டுறதையும் அப்படியே நம்பாதீங்க, வேகத்துல குண்டு பின்னாடி தள்ளப்படும், நிஜ ஆழம் அதைவிடக் குறைவு, குண்டு கனமா இருக்க இருக்க இந்த வித்தியாசம் குறையும்.

லேக் ட்ரவுட் மாட்டினா வேண்டாத மீன் மாதிரி முகம் சுளிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும். இந்த ஏரிங்களோட சொந்த மீன் அதுதான். அளவுக்கு மீறிப் பிடிச்சதும், கடல் லாம்ப்ரேங்கிற ஒட்டுண்ணி உள்ள வந்ததும் சேர்ந்து 1950கள் வாக்குல லேக் ஒண்டாரியோவுல அந்த மீனே இல்லாம போச்சு. லாம்ப்ரேயைக் கட்டுப்படுத்தறதுக்காகவே கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1955ல கிரேட் லேக்ஸ் ஃபிஷரி கமிஷனை ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் லாம்ப்ரே குட்டிங்களை ஓடைகள்லயே மருந்து போட்டு அழிக்கிறாங்க, ட்ரவுட் குஞ்சுகளை வளர்த்து விடுறாங்க. கிங்கும் கோஹோங்கிற இன்னொரு சால்மனும் பசிபிக்ல இருந்து வந்த விருந்தாளிங்க, 1966, 67ல மிச்சிகன் மாநில மீன்வளத் துறையில இருந்த ஹோவர்ட் டானர் ஆரம்பிச்ச முயற்சியில லேக் மிச்சிகன்ல விட்டதுதான் இப்போ நாம பாக்கிற சால்மன் மீன்பிடிக்கெல்லாம் பெரிய திருப்பம். கிங் மூணு நாலு வருஷத்துல முட்டை போட்டு செத்துடும், ட்ரவுட் இருபது வருஷம் தாண்டியும் வாழும், உங்க கையில இருக்கிற பெரிய ட்ரவுட்டுக்கு உங்க படகைவிட வயசு அதிகமா இருக்கலாம்.

அதனால திருப்பி விடுறதா இருந்தா ஒழுங்கா விடுங்க. ஆழத்துல இருந்து சரசரன்னு இழுத்தா வயிறு உப்பிடும். ட்ரவுட்டால காத்தை வாய்வழியா வெளிய விட முடியும், நிதானமா ஏத்திட்டு வந்தா தண்ணியில குமிழ் குமிழா வர்றதை நீங்களே பார்க்கலாம், அது நல்ல அறிகுறி. உப்பிய வயித்தோட வந்தா கையை நனைச்சுக்கிட்டு அடிவயித்துல இருந்து தலைப் பக்கமா மெதுவா நீவி விடுங்க. கோடையில மேல் தண்ணி 20 டிகிரிக்கு மேல இருக்கும், அதுல வச்சு ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்காம தலை கீழ பார்க்க சட்டுனு உள்ள விட்டுடணும். ஃபோட்டோ எடுக்கணும்னா கேமரா ரெடியான பிறகு மீனைத் தூக்குங்க.

கோடையில தூண்டில் நரம்பைக் கவனிக்காம விடுறதும் மீனைத் தொலைக்கும். ரெண்டு மணி நேரம் இழுத்த பிறகு லைனை எடுத்தா ஈரப் பஞ்சு மாதிரி, கஞ்சியில முக்கின நூல் மாதிரி வெள்ளையா கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கும். அது அழுக்கு இல்ல, வாட்டர் ஃப்ளீ, முள்வால் இருக்கிற பொடிப் பூச்சிங்க. லேக் ஒண்டாரியோவுல கொக்கி வால் வகையை முதல்ல பார்த்தது 1998ல. மீன் மாட்டியிருக்கும்போது இந்தக் கொத்து ராட் நுனி வளையத்துல வந்து அடைச்சுக்கும், ரீல் சுத்தாது, மீன் பாதி வழியில நிக்கும், அந்த நேரத்துல பல்லைக் கடிச்சு இழுத்தா நரம்பு அறுந்துடும். மெல்லிசு லைன்ல நிறைய ஒட்டும், டவுன்ரிக்கர் ராடுல 30 பவுண்டு தாங்குற தடிமனான மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு), இல்ல இதுக்குன்னே விக்கிற ஃப்ளீ லைன் போட்டா குறையும். அடைச்சா ஒருத்தர் ராடை நிமிர்த்திப் பிடிக்க இன்னொருத்தர் நுனியை விரலால வழிச்சு விடணும்.

மாட்டின மீன் நழுவிப் போறது அதிகமா கடைசி பத்தடியிலதான். ஃப்ளாஷர் ராட் நுனிக்கு வந்துடும், அதுக்கு மேல சுத்த முடியாது, மீன் இன்னும் ஆறடி பின்னாடி கிடக்கும், இங்கதான் எல்லாரும் பதறுவாங்க. ராட் வச்சிருக்கிறவர் ராடைத் தூக்கிட்டு படகோட முன்பக்கமா பின்னடி வச்சு நடக்கணும், மீன் தானா பின்புறத்துக்கு வரும், வலை வச்சிருக்கிறவர் தலைப் பக்கத்துல இருந்து ஒரே வீச்சா அள்ளணும். வால் பக்கம் இருந்து வலையைக் குத்தினா மீன் ஒரு உதை உதைச்சுட்டுப் போயிடும். எஞ்சினை நிறுத்தாதீங்க, படகு முன்னாடி நகர்ந்துக்கிட்டே இருந்தாதான் நரம்பு தொய்யாது, மத்த லைன்களும் சிக்காது.

இனி மத்த படகுங்க விஷயம். ஒருத்தர் மீனோட போராடிக்கிட்டு இருக்கும்போது அவர் பின்பக்கமா குறுக்க போகாதீங்க. மீன் இல்லாத நேரத்துலயும் அவர் காப்பர் லைனோ லெட்கோரோ (தன் கனத்தாலேயே ஆழத்துக்கு இறங்குற லைன்கள்) போட்டிருந்தா 300, 400 அடி பின்னாடி வரைக்கும் நீண்டு கிடக்கும், லைனைத் தள்ளிக் கொண்டு போற பலகை, ப்ளேனர் போர்டு, பக்கவாட்டுல வேற போயிருக்கும். போக வேண்டிய கட்டாயம்னா 200 மீட்டராவது தள்ளிச் சுத்திப் போங்க, சந்தேகம்னா ரேடியோவுல ஒரு வார்த்தை கேளுங்க. அதே மாதிரி, நான் லைன் போட்டிருக்கேன் எனக்குத்தான் வழி விடணும்னு நினைக்கிறதும் தப்பு. கப்பல் மோதல் தடுப்பு விதியில மீன்பிடிக் கப்பல்னு சொல்றதுல ட்ரோலிங் லைன் போடுற படகு சேராது, நீங்க சாதாரண மோட்டார் படகு, பாய்மரப் படகு வந்தா நீங்கதான் ஒதுங்கணும்.

அப்புறம் கேட்கிறது, சொல்றது. புதுசா வர்றவங்க கலர் மட்டும்தான் கேட்பாங்க, கேட்டுட்டு நாப்பது ஸ்பூன் வாங்குவாங்க. கேட்க வேண்டியது எந்த ஆழம், அங்க தண்ணி எத்தனை டிகிரி, குண்டுல எவ்வளவு வேகம், எந்தத் திசையில போகும்போது அடிக்குது, இதெல்லாம்தான். கலர் கடைசி. யாரும் தன்னோட குறிச்சு வச்ச இடத்தை அப்படியே தர வேண்டியதில்ல, அதை நச்சரிச்சுக் கேட்கவும் கூடாது. ஆனா ஆழமும் வேகமும் சொல்றதால யாருக்கும் மீன் குறையாது. ஒண்ணுமே கிடைக்கலன்னாலும் சொல்லுங்க, 90 அடியில ரெண்டு மணி நேரம் சும்மா போச்சுன்னு நீங்க சொன்னா இன்னொருத்தர் அந்த ரெண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிச்சு வேற ஆழத்தைத் தேடுவார், கண்டுபிடிச்சா உங்களுக்கும் வந்து சேரும். எங்க பக்கம் காலையில பத்து படகு போனா ஏழரை மணிக்குள்ள எல்லாருக்கும் தெர்மோக்ளைன் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும், அது இப்படித்தான்.

இந்தப் பழக்கம் மீனுக்கு மட்டும் இல்ல. ஒரு தடவை மத்தியானம் காத்து திரும்பி அலை ஏறினப்போ ஒரு சின்னப் படகோட எஞ்சின் நின்னுடுச்சு, பக்கத்துல இருந்தவர் மீன் மாட்டியிருந்த லைனையே வெட்டி விட்டுட்டு, மத்ததைச் சுருட்டிட்டுப் போய் கயிறு கட்டி ரெண்டு மணி நேரம் இழுத்துட்டு வந்தார். ஏப்ரல்ல இந்த ஏரித் தண்ணி 4, 5 டிகிரிதான், விழுந்தா முதல் நிமிஷத்துலயே மூச்சு முட்டும், லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில இருந்து பிரயோஜனமே இல்ல, போட்டிருக்கணும். தனியா போனா எஞ்சின் கில் ஸ்விட்ச் கயிறை (நீங்க விழுந்தா எஞ்சினை நிறுத்துறது) உடம்புல மாட்டுங்க, விஹெச்எஃப் ரேடியோவுல ஆபத்துக்குக் கூப்பிடுற சேனல் 16 எப்பவும் கேட்கிற மாதிரி வைங்க.

கரைக்கு வந்ததும் படகு ஏத்தி இறக்குற ரேம்ப்பை அடைச்சுக்கிட்டு சாமான் எடுத்து வைக்காதீங்க, படகை ஏத்தி ஓரமா கொண்டு போயிட்டு அங்க வச்சு பாருங்க, இறக்கும்போதும் அதே மாதிரி எல்லாத்தையும் பார்க்கிங்லயே தயார் பண்ணிட்டு வாங்க. அப்படி ஓரமா நிக்கும்போது ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டி தண்ணியை வடிச்சு, பாசி, செடி எல்லாம் எடுத்துடுங்க, 2022 ஜனவரியில இருந்து ஒண்டாரியோவுல படகை ரோட்டுல கொண்டு போறதுக்கு முன்னாடி இதைச் செய்யறது சட்டம். ரீல்ல ஈரமா இருக்கிற நரம்பையும் மறக்காதீங்க, அந்த வெள்ளைக் கொத்து காயாம இருந்தா அடுத்த வாரம் நீங்க போற இன்னொரு ஏரிக்கும் வாட்டர் ஃப்ளீ போய்ச் சேரும்.