சூதுபவளச் சரம் கோப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் சூதுபவள (கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்) மணிகளைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான் எனக்கும் பாசி கோக்கும் ஆசை பிறந்தது. அந்தக் கல் மதுரைப் பக்கத்து மண்ணில் கிடைப்பதன்று. மேற்கு இந்தியாவிலிருந்து வணிகத்தின் வழியே வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குஜராத்தின் கம்பத் நகரில் இன்றும் அதைச் சூடேற்றிச் சிவக்க வைத்து மணியாக்குகிறார்கள். கற்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 7 என்பதால் எளிதில் கீறல் விழாது, வியர்வைக்கும் அஞ்சாது. ஆகவே முதல் மாலைக்கு முத்தையோ பவளத்தையோ விட இதுவே தோதானது.

கற்கள் சரமாகத்தான் விற்கப்படும். மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் தொடங்கி, தெற்கு ஆவணி மூல வீதி வரை நடந்து விசாரித்துவிட்டு வாங்குங்கள். வாங்குமுன் மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான கல் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இராது. கண்ணாடியும் குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதால், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறதா என்றும் பாருங்கள். சாயம் ஏற்றிய கல்லைக் கண்டறிய, நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் தோய்த்த பஞ்சால் ஒரு மணியைத் தேய்த்துப் பாருங்கள், பல சாயங்கள் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

6 மி.மீ. மணிகள் கொண்ட ஒரு சரம் ஏறத்தாழ 39 செ.மீ. நீளம் இருக்கும், எண்ணினால் 65 மணி தேறும். கழுத்துமாலைக்கு இது சற்றுக் குறைவு. இரண்டாவது சரம் வாங்கத் தேவையில்லை. ஐந்து கல்லுக்கு ஒன்றாக 2 மி.மீ. வெள்ளி மணி பன்னிரண்டைச் சேர்த்தால் 41 செ.மீ. தாண்டிவிடும், கொக்கியும் வளையங்களும் சேர்ந்து 44 வரை வரும். இவற்றோடு நைலான் பூசிய 0.38 மி.மீ. எஃகுக் கம்பி 60 செ.மீ., கம்பியை இறுகப் பிடிக்க நசுக்கும் 2 மி.மீ. குழல் வடிவ உலோகக் கிரிம்ப் மணி நான்கு (இரண்டு வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்), அதை நசுக்கும் கிரிம்ப் குறடு, வெட்டுக் குறடு ஆகியவை வேண்டும். வெறும் நூலில் கோக்காதீர்கள், கல்லின் துளை விளிம்பு நூலை அறுத்துவிடும்.

மணி உருண்டு கட்டிலுக்கு அடியில் போகாதிருக்க, ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். கம்பியின் ஒரு முனையைத் துணிக் கிளிப்பால் கவ்விவிட்டு, மறுமுனையிலிருந்து கோத்துக்கொண்டே போகலாம். சில மணிகளில் கம்பி பாதி வழியில் நின்றுவிடும். இரு பக்கமிருந்தும் துளையிட்ட கல்லில் நடுவில் ஒரு சிறு படி இருப்பதே காரணம். வலுக்கட்டாயமாகக் குத்தாமல், மணியைத் திருப்பி மறுபக்கமாக நுழைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கோப்பது எளிது, முடிப்பதுதான் வித்தை. நான் கோத்த முதல் மாலை, திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு குனிந்த என் அத்தையின் கழுத்திலிருந்து அறுந்து இலைகளுக்கு நடுவே சிதறியது. கம்பி அறவில்லை; கிரிம்ப் மணியைச் சாதாரணக் குறடால் ஒரே அழுத்தாக நான் தட்டையாக்கியிருந்தேன், அது வழுகிவிட்டது. எனவே இந்தப் படியை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

கம்பியில் முதலில் கிரிம்ப் மணியையும் பிறகு கொக்கியின் வளையத்தையும் கோத்து, முனையைத் திரும்பக் கிரிம்ப் மணிக்குள்ளேயே விடுங்கள். வளையம் அசையும் அளவுக்குச் சிறு கண்ணி இருக்கட்டும். குழலுக்குள் இரு கம்பிகளும் குறுக்கிடாமல் இணையாகக் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, குறட்டின் கைப்பிடிப் பக்கத்துக் குழியில், பல் இருக்கும் இடத்தில், அழுத்துங்கள்; குழல் நடுவே பள்ளம் விழுந்து இரண்டு வாய்க்கால்களாகும், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி. அடுத்து அதைக் கால் சுற்றுத் திருப்பி, நுனிப் பக்கத்து நீள்வட்டக் குழியில் வைத்து அழுத்தினால், அந்தப் பள்ளத்தின் வழியே மடங்கி உருண்டையாகும். மிச்ச முனையை வெட்டி எறியாமல், அடுத்த இரண்டு மூன்று மணிகளுக்குள் ஒளித்துவிட்டு மீதியை நறுக்குங்கள்.

மறுமுனைக்கும் இதே முறைதான், ஆனால் அழுத்துமுன் மாலையை வட்டமாக வளைத்துக்கொள்ளுங்கள். நேராக நீட்டி வைத்து இழுத்து முடித்தால், அணியும்போது வளைய இடமின்றி மாலை விறைப்பாக நிற்கும், மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக் கம்பியைத் தேய்க்கும். வளைத்த நிலையில் சுமார் 2 மி.மீ. தளர்வு இருந்தால் சரி.

முத்துமாலைக்கு இந்தக் கம்பி உதவாது. அதற்குப் பட்டு நூலும் ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சும் வேண்டும். அது தனி வேலை.

முடித்த மாலையை உடனே அணியாதீர்கள். சுவரில் ஓர் ஆணியில் கொக்கியை மாட்டி, மறுமுனை வளையத்தில் வீட்டுச் சாவிக்கொத்தைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் இரு கண்ணிகளும் முன்னிருந்த அளவிலேயே இருந்தால் அணியலாம்; ஒன்று சிறிதேனும் நீண்டிருந்தால் கம்பி வழுகுகிறது என்று பொருள், அந்தக் கிரிம்ப் மணியை வெட்டிவிட்டுப் புதுக் கம்பியில் மறுபடி கோக்க வேண்டியதுதான்.