தொட்டால் விரியும் கேள்வி-பதில்: எல்லோருக்கும் எட்டும் அக்கார்டியன்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்கு வேன் விடும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு இணையப் பக்கம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை பிறந்துவிட்டால் கேள்விகளுக்குப் பஞ்சமிருக்காது. முன்பணம் எவ்வளவு, ஆரியங்காவில் வண்டி நிற்குமா, குழந்தைகளுக்கு முழுக் கட்டணமா? எல்லாப் பதிலையும் விரித்துப் போட்டால் கைபேசியில் தள்ளித் தள்ளியே விரல் ஓய்ந்துவிடும். அதற்குத்தான் அக்கார்டியன்: கேள்விகள் மட்டும் தெரியும், தொட்டால் அதன் பதில் விரியும். மூன்று நான்கு கேள்விகள்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம், நேராக எழுதிவிடுங்கள்.

முதலில் கேள்வி. பலரும் ஒரு டிவ் (div) டேகை, அதாவது வெறும் பெட்டியை, எடுத்து அதில் கிளிக்கைக் கட்டிவிடுகிறார்கள். மவுஸுக்கு அது திறக்கும். ஆனால் டேப் விசை அதில் நிற்காது. திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் எழுத்து. எனவே எச்3 (h3) தலைப்பு, அதற்குள் பட்டன் டேக், அதற்குள் கேள்வி. இந்த அடுக்கைத் திருப்பிப் போடக் கூடாது. பட்டனுக்குள் தலைப்பை வைத்தால் அது தலைப்பாகவே கணக்கில் வராது. என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவருக்கு உங்கள் கேள்வி அகப்படாது.

அடுத்து பதில். தலைப்புக்குக் கீழே ஒரு டிவ், அதை மறைத்து வைக்க ஹிட்டன் (hidden) பண்பு. தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்-இல் உயரத்தை மட்டும் பூஜ்யமாக்கி மறைக்காதீர்கள். பதிலுக்குள் முன்பதிவு இணைப்பு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்பில் டேப் போய் நின்றுகொள்ளும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. பட்டனுக்கு ஏரியா-எக்ஸ்பாண்டட் (aria-expanded) பண்பைக் கொடுத்து, தொடக்கத்தில் ஃபால்ஸ் என்று வையுங்கள். பட்டனை அழுத்தியதும் ஜாவாஸ்கிரிப்ட் அதை ட்ரூ ஆக்கி, ஹிட்டனை நீக்க வேண்டும். மறுபடி அழுத்தினால் இரண்டையும் பழையபடி ஆக்க வேண்டும். விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று ஸ்கிரீன் ரீடர் சொல்வது இதை வைத்துத்தான். அம்புக்குறியையும் இதே பண்பைப் பார்த்துத் திரும்பும்படி சிஎஸ்எஸ்-இல் எழுதினால், கண் பார்ப்பதும் காது கேட்பதும் முரண்படாது. ஒன்றைத் திறந்ததும் மற்றதைத் தானாக மூடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கட்டணத்தையும் முன்பணத்தையும் ஒப்பிட நினைப்பவர் என்ன செய்வார்?

ஜாவாஸ்கிரிப்டே வேண்டாமென்றால் தாமாகவே விரிந்து மூடும் டீடெய்ல்ஸ் (details), சம்மரி (summary) டேகுகள் போதும். ஆனால் சம்மரிக்குள் வைக்கும் தலைப்பைச் சில ஸ்கிரீன் ரீடர்கள் தலைப்பாகச் சொல்வதில்லை.

சோதிக்கும்போது மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் வெளிக்கோட்டை அழகுக்காக அழித்துவிடாதீர்கள்.

எல்லையூர்ப் பக்கங்களுக்கு இன்னொரு வேலை உண்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். கேரளப் பக்கத்துப் புனலூர்க்காரர்களுக்கென்று சில பதில்களை மலையாளத்திலும் எழுத வேண்டியிருக்கும். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் (lang) பண்பு தமிழுக்கான 'டிஏ' (ta) என்றிருக்க, மலையாளப் பதிலின் டிவுக்கு மட்டும் 'எம்எல்' (ml) என்று கொடுங்கள். இல்லையென்றால் தமிழ்க் குரல் மலையாள எழுத்தில் மாட்டிக்கொண்டு திணறும்.