பெர்னார்ட் ஷாவின் அரசியலை நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவது எப்படி

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நாடகம் வாசிக்கிறோம். முப்பது வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் நான். அயர்லாந்தில் பிறந்த ஆங்கில நாடகாசிரியர் ஷாவை எடுத்தபோது கற்றுக்கொண்டதை, உங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பட்டிமன்றமாக்காதீர்கள். 1939லிருந்து கம்பன் கழகம் நடக்கிற ஊர் இது. அணி பிரிந்து பேச எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் 'ஷா நல்லவரா, கெட்டவரா' என்று பிரிந்துவிட்டால் தீர்ப்புக்குத்தான் காத்திருப்பார்கள். புத்தகத்தைத் திறக்க ஆளிருக்காது. எங்கள் முதல் கூட்டம் அப்படித்தான் வீணானது.

வாட்ஸ்அப்பில் வரும் ஷா பொன்மொழிகளையும் ஒதுக்குங்கள். எங்கே, எப்போது சொன்னார் என்று தெரியாத வரி எதற்கும் உதவாது.

அப்புறம், ஒரு தாளில் வருஷங்களை எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். இதில்தான் பாதி வேலை இருக்கிறது. 1914: உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில் பிரிட்டனையும் சேர்த்துக் குற்றம் சொல்லி எழுதினார், நண்பர்களே முகம் திருப்பிக்கொண்டார்கள். 1916: தேசத்துரோகக் குற்றத்துக்காகத் தூக்கை எதிர்நோக்கியிருந்த அயர்லாந்து விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்ட்டுக்காகப் பேசினார். 1931 ஜூலை: சோவியத் நாட்டுக்குப் போய் ஸ்டாலினைச் சந்தித்து, புகழ்ந்துகொண்டே திரும்பினார். 1933 மார்ச் 2: மான்செஸ்டர் கார்டியன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில் அவரும் வேறு சிலரும் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ரஷ்யத் தொழிலாளர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அவதூறு என்றது அது. அதே மாதங்களில் உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாலையும் 'சர்ச்சை' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதல் இரண்டும் ஊரே எதிர்த்து நின்றபோது துணிந்து பேசியவை. கடைசி, கண்முன்னால் இருந்த சாவை இல்லையென்றது. 1931ல் காட்டியதைத்தான் பார்த்தார் என்று ஒருவர் வாதாடலாம். 1933க்கு அந்தச் சாக்கை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு சம்பவத்தையாவது விரிவாகச் சொல்லுங்கள். 1931ல் மாஸ்கோ மேடையில் ஷா சொன்னார்: ரஷ்யாவில் சாப்பாடு கிடைக்காது என்று நண்பர்கள் டின் டின்னாக உணவு கட்டிக் கொடுத்தார்கள், எல்லையைத் தொடுமுன் அதையெல்லாம் ரயில் ஜன்னல் வழியே வீசிவிட்டேன் என்று. இதைக் கேட்டதும், எண்பது தாண்டிய ஆச்சி ஒருவர் பணியாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வீசுனவுகளுக்குப் போற எடத்துல விருந்து வச்சிருந்தாக. ஊருக்காரவுகளுக்கு ஆரு வச்சா?" என்றார்.

சரி, இனி நாடகத்துக்கு வாருங்கள். 1905ல் மேடையேறிய 'மேஜர் பார்பரா'வின் இரண்டாம் அங்கத்தை உரக்க வாசியுங்கள். ஆங்கிலம் வராதவர்களுக்காக நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். லண்டனில் ஒரு குளிர்காலக் காலை, ஏழைகளுக்கு ரொட்டியும் பாலும் தரும் கூடம். நரை விழுந்துவிட்டதென்று நாற்பத்தாறு வயதில் வேலை போன பீட்டர் ஷர்லி, பசியில் தள்ளாடிக்கொண்டு வந்தும் தானச் சாப்பாட்டைத் தொடக் கூசுகிறார். குற்றங்களிலேயே கொடியது வறுமை என்று இந்த நாடகத்தின் முன்னுரையில் எழுதியவரும் ஷாதான். அந்தக் காட்சியை வாசித்து முடித்த கையோடு 1933 கடிதத்தை வாசியுங்கள். நடுவில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தேன், போதவில்லை. ஷர்லி காட்சியை ஆச்சி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி வையுங்கள்.