மாஸ்க் போட்டால் போதுமா? ரெசின் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவிக்கொத்து, கோஸ்டர், கல்யாண மாலையைப் பதப்படுத்திச் சட்டம் போட்டுத் தருவது என்று ரெசின் வேலை இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. எபாக்ஸி ரெசின் என்ற திரவத்தோடு, அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து மோல்டில் (அச்சில்) ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும், அதுதான் இந்த வேலை. வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் எல்லோரும் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அளவு தப்பிக் கலப்பது, குமிழி நிற்பது, மோல்டு கிழிவது போன்றவற்றை நான் இங்கே பேசப்போவதில்லை. ஒரு கிட் வீணானால் அவை தானாகப் புரிந்துவிடும். ஆவியும் தூசியும் செய்கிற கெடுதல் அப்படிப் புரியாது. பொருள் நன்றாகவே வரும், பளபளக்கும், விற்றும் போகும். கெட்டுப்போவது செய்தவருடைய தோலும் மூச்சும்.

என்95 மாஸ்க்கை நம்பி உட்காருவது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. இந்தத் தவறைச் செய்கிறவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்து, மாஸ்க் எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு வேலைக்கு உட்காருகிறவர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய என்95 பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கிட் விற்பவர்களில் சிலர் ஒரு மெல்லிய மாஸ்க்கை உள்ளே வைத்துவிட்டு, பாதுகாப்புப் பொருள்களும் சேர்த்துத் தருவதாகப் பெட்டியில் அச்சடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் நம்பாமல் என்ன செய்வார்?

என்95 தூசிக்கானது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்பதுதான் அந்த 95. ரெசினிலிருந்தும் ஹார்டனரிலிருந்தும் எழுவது துகள் இல்லை, ஆவி. கொசுவலை கொசுவைத் தடுக்கும், சாம்பிராணிப் புகையைத் தடுக்காது. என்95க்கும் ஆவிக்கும் உள்ள கணக்கு அதுதான். ஆவியைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். அந்தக் கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். துணி மாஸ்க்கில் மெல்லிசாகக் கரி தடவி விற்பதும் இதற்கு ஈடாகாது.

மாஸ்க் உதவவில்லை என்பதோடு விஷயம் முடிந்தால்கூடப் பரவாயில்லை. மாஸ்க் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஜன்னலைச் சாத்துகிறார்கள், கப்பின் மேலேயே குனிந்து கலக்குகிறார்கள், மணிக்கணக்காக எழுந்திருக்காமல் வேலை பார்க்கிறார்கள். வெறும் முகத்தோடு இருந்திருந்தால் ஒரு வாடை வந்ததும் எழுந்து வெளியே போயிருப்பார்கள்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண். சின்ன ஃப்ளாட், ஒரே படுக்கையறை. குழந்தை தூங்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்து மாலை ஆர்டர்களை முடிப்பார். என்95 உண்டு, கையுறை உண்டு, ஜன்னல் மட்டும் சாத்தியிருக்கும். முதலில் காலை வேளையில் கண் இமை தடித்தது. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் வீட்டில், கத்தரிக்காயை நிறுத்தினார். கண் மையை மாற்றினார். பிறகு கழுத்திலும் முன்கையிலும் அரிப்பு வந்தது. கையுறை போட்டுத்தானே செய்கிறோம் என்பதால் ரெசின் மேல் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. கடைசியில் தோல் மருத்துவர், எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியச் சிறு துண்டுகளை முதுகில் ஒட்டும் பேட்ச் டெஸ்ட் செய்து பார்த்தபோதுதான் எபாக்ஸி ஒவ்வாமை என்று தெரிந்தது. இப்போது ரெசின் பாட்டில் திறந்திருக்கும் அறையில் கொஞ்ச நேரம் நின்றாலே அவருக்கு இமை வீங்கிவிடுகிறது. "அக்கா, கையில இருக்கிற அந்த ஒரு ஆர்டரை மட்டும் முடிச்சுக் கொடுத்துடறேனே" என்று கெஞ்சினார். வேண்டாம் என்று சொல்லி அந்த மாலையை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எபாக்ஸியின் குணம் இதுதான். முதல் தடவையே எதையும் காட்டாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாது. உடல் ஒருமுறை அதை வேண்டாத பொருளாக அடையாளம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. அதன் பிறகு துளியளவு பட்டாலே போதும். களிம்பு தடவினால் அரிப்பு அடங்கும், ஒவ்வாமை போகாது. இமையிலும் கழுத்திலும் முதலில் தெரிவதற்குக் காரணம், அங்கே தோல் மெல்லியது, காற்றில் வருவது நேராகப் படிகிறது.

அதனால் வாங்குவதானால் இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற ரப்பர் அல்லது சிலிகான் அரைமுக மாஸ்க் வாங்குங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் முறையில் கரிம ஆவிக்கான (ஆர்கானிக் வேப்பர்) கார்ட்ரிட்ஜுக்குக் கறுப்புப் பட்டை, ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டையும் 'ஏ' என்ற எழுத்தும் இருக்கும். ஹார்டனரில் பெரும்பாலும் அமீன் என்ற அம்மோனியா வகை ரசாயனம் இருப்பதால், ஐரோப்பிய வகையில் 'ஏபிஇகே' என்று போட்ட பல்வகைக் கார்ட்ரிட்ஜ் இன்னும் நல்லது. அதில் 'கே' என்பதுதான் அம்மோனியாவுக்கும் அமீனுக்கும் உரியது. மாட்டியதும் கார்ட்ரிட்ஜ்களை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் உள்ளே ஒடுங்கி முகத்தோடு ஒட்ட வேண்டும். ஓரத்தில் காற்று வந்தால் பட்டையைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டவே ஒட்டாது. என் வகுப்பில் தாடியோடு வருகிற தம்பிகளுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கார்ட்ரிட்ஜை மேசைமேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் மாட்டாதபோதும் அந்தக் கரி அறைக் காற்றில் இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். வாடை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். எபாக்ஸியில் பலவற்றுக்கு வாடையே தெரியாது. பையின்மேல் திறந்த தேதியை எழுதி, தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அரைமுக மாஸ்க் கண்ணை மூடாது. ஆகவே மாஸ்க் இரண்டாவது காவல்தான்.

கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவது

முதல் காவல் காற்றோட்டம். அதை ஏன் யாரும் செய்வதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ஈர ரெசினில் கொசு விழும், தூசி படியும், மழைக்காலத்து ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கும். அதனால் சாத்திவிட்டு ஏசியைப் போடுகிறார்கள். வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. மின்விசிறியும் ஆவியை வெளியே தள்ளாது, அறை முழுக்கப் பரப்பும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு பக்கம் வெளியே இழுக்க வேண்டும், எதிர்ப்பக்க ஜன்னலோ கதவோ திறந்து புதுக்காற்று வர வேண்டும். நீங்கள் காற்று வரும் பக்கம், ரெசின் ஃபேன் பக்கம். இந்த வரிசை மாறினால் ஆவி உங்கள் முகத்தைக் கடந்துதான் வெளியேறும். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடியுங்கள். தூசிக்கு, ஊற்றி முடித்ததும் மோல்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். இறுக 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆகும், அதுவரை யாரும் படுக்காத அறையில் இருக்கட்டும்.

'நான்-டாக்ஸிக்' என்ற சொல்

பாட்டிலின் முன்பக்கத்தில் 'நான்-டாக்ஸிக்' (நச்சற்றது) என்று இருப்பதைப் படித்து வாங்குகிறார்கள். படிக்க வேண்டியது, பொருளின் ஆபத்துகளைத் தயாரிப்பாளர் எழுதித் தரும் சேஃப்டி டேட்டா ஷீட். விற்பவரிடம் கேளுங்கள், கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். 2ஆம் பகுதியில் ஆபத்துகள், 8ஆம் பகுதியில் என்ன கையுறை, என்ன மாஸ்க் என்பது. எச்317 என்ற எச்சரிக்கைக் குறியீடு இருந்தால் தோல் ஒவ்வாமை உண்டாக்கலாம் என்று பொருள். எபாக்ஸியில் இது அநேகமாக இருக்கும். எச்334 என்று இருந்தால் மூச்சில் போனால் ஆஸ்துமா போன்ற அறிகுறி வரலாம் என்று பொருள். அதைக் கண்டால் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

'ஏஎஸ்டிஎம் டி-4236' என்ற அச்சைக் காட்டி, சோதித்த பொருள் என்பார்கள். அது அமெரிக்காவின் லேபிள் விதி. நாள்பட்ட தீங்கு உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்பதே அதன் பொருள். தீங்கற்றது என்ற சான்று இல்லை.

மலிவு என்று பாலியெஸ்டர் ரெசின் வாங்குவது

ஃபைபர் வேலைக்கான கடைகளில் ரெசின் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை ஸ்டைரீன். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் சேர்த்தது. இதை இறுகவைக்க ஊற்றும் எம்இகேபி என்ற கேட்டலிஸ்ட்டும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவமும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். வீட்டு வேலைக்கு இது உகந்ததே இல்லை.

கப்பில் மிச்சத்தை விட்டுவைப்பது

கலந்த ரெசின் கப்பில் மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே சூடேறும். சித்திரை வெயிலில் இன்னும் வேகம். கப் உருகிப் புகை வர ஆரம்பித்தால் அந்தப் புகை, ஊற்றும்போது வரும் ஆவியைவிட மோசமானது. கலந்ததும் அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். புகைய ஆரம்பித்திருந்தால் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள், குனிந்து பார்க்காதீர்கள். குமிழியை விரட்ட, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிப்பதும் இதே புகையைக் கிளப்பும்.

சமையலறை

கூடவே கூடாது. இறுகக் காத்திருக்கும் பொருளும் அங்கே இருக்கக் கூடாது.

வாடை போக ஊதுவத்தி

வாடை மறையும், ஆவி அப்படியே இருக்கும். பக்கத்தில், ரெசினைத் துடைக்க வைத்திருக்கும் அசிட்டோன் திறந்திருந்தால் தீப்பிடிக்கும்.

மாலை உலர்த்த நீல சிலிக்கா ஜெல்

அந்த நீலம் பெரும்பாலும் கோபால்ட் குளோரைடு, ஒவ்வாமையும் புற்றுநோய் அபாயமும் உள்ள உப்பு. வெள்ளையை வாங்குங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்று தேய்ப்பது

மேலே காய்ந்திருக்கும், உள்ளே வினை முடிந்திருக்காது. அந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் வருகிற தூசியில் முழுதாக வினைபுரியாத ரெசின் இருக்கும். மூச்சிலும் போகும், வியர்த்த கையிலும் ஒட்டும். தயாரிப்பாளர் சொன்ன முழு நாள்களும் போகட்டும். பிறகு தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். இங்கேதான் என்95 உதவும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் தூசி வடிகட்டியையும் சேர்த்து மாட்டினால் இன்னும் நல்லது. தேய்க்கும்போது உடுத்தியிருந்த துணியை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்க வேண்டாம்.

அரிப்பு வந்ததும் பிராண்டை மாற்றுவது

பலரும் முதலில் செய்வது இதைத்தான். பாட்டில் வேறாக இருக்கும். உள்ளே இருக்கும் அடிப்படை எபாக்ஸி பெரும்பாலும் ஒன்றே. இமை தடித்தாலோ, விரலிடுக்கில் அரித்தாலோ, வேலைக்குப் பிறகு நெஞ்சு இறுகினாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. தோல் மருத்துவரிடம் போகும்போது ரெசின், ஹார்டனர் இரண்டின் டேட்டா ஷீட்டையும் அச்செடுத்துக் கொண்டுபோய், எபாக்ஸியில் வேலை செய்கிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாப்பாட்டையும் சோப்பையும் மாற்றச் சொல்லியே மாதங்கள் போய்விடும். பேட்ச் டெஸ்ட் முடிவு வரும்வரை பாட்டிலைத் திறக்காதீர்கள். வேறு யாராவது வீட்டில் ஊற்றுவதாக இருந்தாலும் அந்த வாரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.